இரண்டு டிங்கரிங்

நெடுஞ்சாலையில் எந்த ஊரைத் தாண்டினாலும் ஒரு தகரக் கொட்டகை கண்ணில் படும். வாசலில் "டிங்கரிங், வெல்டிங், பெயின்டிங்" என்று பலகை. உள்ளே பதினாறு வயதுப் பையன் ஒருவன் நசுங்கிய கார் கதவைத் தட்டித் தட்டிச் சமமாக்கிக்கொண்டிருப்பான். எங்கே எவ்வளவு ஓங்கி அடிக்க வேண்டும், எங்கே தட்டினால் தகடு விரியும் என்பது அவன் கைக்குத் தெரியும். அவனைப் பற்றி ஊர் சொல்வது ஒரே வரிதான்: "படிப்பு ஏறல, டிங்கரிங் கடையில விட்டுட்டாங்க."

இதே சொல் இப்போது பள்ளிக்கூடத்துக்குள் வந்திருக்கிறது. நிதி ஆயோக்கின் கீழ் 2016-ல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டம் பள்ளிகளில் அமைக்கும் கூடத்தின் பெயர் அடல் டிங்கரிங் லேப். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கானது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோ கிட், சென்சார், சால்டரிங் கருவி எல்லாம் வரும். நாடு முழுக்க 10,000 லேப்கள் வந்துவிட்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 வரும் என்று 2025 பட்ஜெட் அறிவித்தது.

கொட்டகையில் இருப்பவன் தட்டினால் அது "படிப்பு ஏறாதது". லேபில் இருப்பவன் தட்டினால் அது "இன்னொவேஷன்". இரண்டும் டிங்கரிங்தான். நடுவில் இருக்கும் சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் மேக்கர்ஸ்பேஸுக்கு எதிரி இல்லை, தோழர்களே. நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன். வந்தபிறகு புகார் சொல்வதைவிட, வரைபடம் போடும்போதே நாம் உள்ளே இருக்க வேண்டும்.

*

சில மாதங்களுக்கு முன் ஒரு மாவட்டத்தில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். லேபைக் காட்டுங்கள் என்று கேட்டதும் சாவியைத் தேடி இருபது நிமிடம் போனது. திறந்தால் எல்லாமே பளபளப்பு. முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் உறை, உறைமேல் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் காய்ந்து கிடந்தது. சுவரில் பெரிய எழுத்தில் "அனுமதியின்றித் தொடாதே".

எங்களுக்கு முன்னால் ஒரு பையன் துடைப்பத்தோடு ஓடிவந்து தரையைப் பெருக்கினான். ஒன்பதாம் வகுப்பு. காலனிப் பையன் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பேச்சுக் கொடுத்தேன். அப்பா மோட்டார் காயில் கட்டும் வேலை செய்கிறார். இவனும் விடுமுறையில் கூடவே போவான். எரிந்த மோட்டாரை மோந்து பார்த்தே காயில் போய்விட்டதா என்று சொல்லிவிடுவானாம். "இந்த லேப்ல நீ என்னப்பா பண்ணியிருக்க?" என்றேன். "லேப்ல சேர்க்கிறது நல்ல மார்க் எடுக்கிறவங்களத்தாண்ணா. நான் க்ளீன் பண்ணத்தான் வருவேன்" என்றான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது.

அந்த அறையிலேயே மின்சாரம் பற்றி அதிகம் தெரிந்த மாணவன் அவன். அவன் கையில் துடைப்பம்.

இதை ஒரு பள்ளியின் குறை என்று ஒதுக்க முடியாது. 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்ததற்காகத் தலைமை ஆசிரியர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023-ல் நாங்குநேரியில் நன்றாகப் படித்த தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதே பள்ளிக்கூடங்களுக்குள்தான் லேப் வருகிறது. அறை புதிது என்பதற்காகச் சாதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்காது.

*

"கையால் செய்து கற்றல்" என்று இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்கள். நமக்கு இதில் ஒரு பழைய காயம் உண்டு. 1953-ல் சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை அரை நாளாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அவருக்கு அதுவும் கையால் கற்பதுதான். எதிர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. பெரியார் மாகாணம் முழுக்கக் கொதிக்க வைத்தார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தோல், சிரைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கத்தி என்றால் அது கல்வி இல்லை, சாதிக்கு அரசுச் செலவில் பயிற்சி. அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். வேலையைப் பங்கிட்டுக்கொள்வது வேறு. வேலை செய்பவர்களைப் பிறப்பால் பிரித்து மேலும் கீழுமாக அடுக்குவது வேறு. சாதி செய்வது இரண்டாவதை.

2023-ல் ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா என்று 18 கைத்தொழில்களுக்கு ஒரு திட்டம் அறிவித்தது. அதில் குடும்பத் தொழில் என்ற வாடை இருந்ததால் தமிழ்நாடு அதை ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாளைக்கு ஒரு பள்ளி "பாரம்பரியக் கைவினை மேக்கர்ஸ்பேஸ்" என்று ஆரம்பித்து, நம் பிள்ளைகளைக் கூடை முடைய உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களை ரோபோ செய்ய அனுப்பினால், அதன் பெயர் 1953 என்று சொல்லத் தயங்காதீர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. ஆனால் அதற்கு முன்பே இந்த மண்ணில் ஏரி வெட்டியவர், மதகு கட்டியவர், இரும்பு உருக்கியவர், தோல் பதனிட்டவர் எல்லாம் உண்டு. பொறியியல் என்பது கல்லூரிப் பட்டமான காலத்தில் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டவர்கள், தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைத் தொட மறுத்தவர்கள். கைவினைச் சாதிகளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தொழிற்பள்ளி. அஜந்தா சுப்ரமணியன் எழுதி 2019-ல் வெளிவந்த 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல், சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து இந்தக் கதையைத்தான் சொல்கிறது: கையின் அறிவு எப்படி மூளையின் தகுதியாக மாற்றிக் கணக்கெழுதப்பட்டது என்பதை. மாணவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஒரே ஓர் உதாரணம். அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தோலைத் தொட்டால் விஞ்ஞானி. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தொட்டியில் இறங்கித் தோலை மிதித்தவருக்கு ஊரில் என்ன பெயர்? பொருள் ஒன்றுதான், வேதியியல் ஒன்றுதான்.

வருடத்தில் ஒரு நாள் கருவிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். மிச்ச நாளெல்லாம் கருவி பிடித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். அந்தப் பூஜையின் குங்குமத்தைத்தான் நான் அச்சு இயந்திரத்தின் உறைமேல் பார்த்தேன்.

*

இந்த நோய் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2005-ல் 'மேக்' இதழ் வந்த பிறகுதான் மேக்கர் என்ற சொல் பரவியது. 2013-ல் லேயா பியூக்லி என்ற பொறியாளர், துணியில் தைக்கும் மின்சுற்றுப் பலகையை உருவாக்கியவர், அந்த இதழின் அட்டைகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். அட்டையில் வந்தவர்களில் பெரும்பான்மை ஆண்களும் சிறுவர்களும். வெள்ளையரல்லாதவர் ஒருவர்கூட இல்லை. அந்த நாட்டில் கறுப்பின மக்கள் எதையும் செய்யாதவர்களா? வீடு கட்டியவர்கள், இசைக்கருவி செய்தவர்கள், கார் பழுது பார்த்தவர்கள். அவர்கள் செய்தால் கூலிவேலை, பொழுதுபோக்குக்குச் செய்பவர் செய்தால் மேக்கிங்.

உலகம் முழுக்கப் பரவிய ஃபேப் லேபின் கதை இன்னும் சுவாரசியம். எம்.ஐ.டி.க்கு வெளியே முதன்முதலில் அமைந்தவற்றில் ஒன்று மகாராஷ்டிராவின் பாபல் கிராமத்தில், விஞ்ஞான் ஆசிரமத்தில் அமைந்தது, 2002-ல். டாக்டர் எஸ்.எஸ். கல்பாக் 1983-ல் தொடங்கிய அந்த இடத்தில் பள்ளிப் படிப்பை விட்ட கிராமத்து இளைஞர்கள் வெல்டிங், கட்டுமானம், மின்வேலை, விவசாயம் எல்லாம் கற்றார்கள். பிறந்த குடும்பத்தின் தொழிலை அல்ல, எல்லோரும் எல்லாவற்றையும். அதாவது மேக்கர்ஸ்பேஸ் மாநகரத்து ஏசி அறையில்தான் இருக்க முடியும் என்பது பொய். அது வறண்ட கிராமத்துக் கொட்டகையிலும் நடந்திருக்கிறது.

*

யார் செய்வது என்பது ஒரு கேள்வி. எதைச் செய்வது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

எந்தப் பள்ளிக் கண்காட்சிக்குப் போனாலும் கைதட்டினால் எரியும் விளக்கு, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி, பார்வையற்றவருக்குச் சென்சார் வைத்த கோல். இதே நாட்டில் மலக்குழியில் ஆள் இறங்கிச் சாவது நிற்கவில்லை. 2013-ல் சட்டம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சாவுக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவின் விலையைத்தான் ஏற்ற முடிந்திருக்கிறது.

செய்ய முடியாததா? சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு மாணவரின் முதுநிலைத் திட்டமாகத் தொடங்கிய ஹோமோசெப் என்ற கருவி, மலக்குழிக்குள் ஆளுக்குப் பதில் சுழலும் கத்திகளை இறக்கிக் கெட்டிப்பட்ட கழிவைக் கலைக்கிறது. 2022-ல் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்புடன் சேர்ந்து அதைத் தமிழ்நாட்டில் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த பேண்டிகூட் ரோபோ 2018-லேயே ஆள்துளைக்குள் இறங்கியது. தொழில்நுட்பம் இருக்கிறது. கேள்வியை மேசைமேல் வைக்கும் ஆள்தான் இல்லை. ஏனென்றால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர் வீட்டில் யாரும் குழிக்குள் இறங்கியதில்லை.

*

சரி, என்ன செய்யலாம்? லேப் அமைக்கும் குழுவில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால், இல்லாவிட்டால் கதவைத் தட்டியாவது, இவற்றைக் கேளுங்கள்.

முதலில் இடம். அடல் லேபுக்குக் குறைந்தது 1,500 சதுர அடி கட்டடம், மலைப்பகுதியில் 1,000. மின்சாரம், இணையம், கணினி அறை, நூலகம், மைதானம் எல்லாம் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனியார் பள்ளியும் விண்ணப்பிக்கலாம். இருப்பவருக்குத்தான் கொடுக்கப்படும் என்பதற்கு இதைவிட நேரான மொழி இல்லை. வகுப்பறையே ஒழுகும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி இந்த வரிசையில் எங்கே நிற்கும்? நம் கோரிக்கை தலைகீழாக இருக்க வேண்டும்: இடம் இல்லாத பள்ளிக்குத்தான் முதலில் இடம் கட்டித் தா. 2024-ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்குச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதியில் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் பட்டறை கட்டு என்று கேட்பது பிச்சை இல்லை, சட்டம்.

இரண்டாவது, நேரம். "ஆர்வமுள்ளவர்கள் மாலையில் வரலாம்" என்ற வரியைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பிள்ளையும், வீட்டில் சமைக்க வேண்டிய பெண்பிள்ளையும் அந்த ஒரு வரியில் வெளியே போய்விடுகிறார்கள். எல்லா மாணவர்க்கும் கால அட்டவணைக்குள்ளேயே வாரம் இரண்டு பாடவேளை. மாலை நேரம் அதற்கு மேல். மார்க்கை வைத்துத் தேர்ந்தெடுப்பது கூடவே கூடாது.

மூன்றாவது, பூட்டு. ஆசிரியர்கள் ஏன் பூட்டுகிறார்கள்? எல்லோரும் கெட்டவர்கள் என்பதால் அல்ல. இருப்புப் பதிவேட்டில் ஒரு பொருள் குறைந்தால் தணிக்கையில் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். ஆகவே உடைவதற்கென்றே ஒரு தொகை ஒதுக்க வேண்டும், துளையிடும் பிட், ஈயக்கம்பி, ஒயர், எல்.இ.டி. எல்லாம் தீர்ந்துபோகும் பொருள் என்று எழுதித் தள்ளும் விதி வேண்டும். உடைக்காமல் யாரும் கற்றதில்லை.

நான்காவது, சுவர். விலை மலிவான, ஆனால் எனக்கு மிக முக்கியமான ஒன்று. கருவிகளைப் பீரோவில் வைக்காமல் சுவர்ப் பலகையில் மாட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவத்தை வண்ணத்தில் வரைந்துவிடுங்கள். சுத்தியல் இல்லையென்றால் சுத்தியலின் நிழல் தெரியும். மணி அடிக்கும் முன்பே எது குறைகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், தேடிவிடலாம். இது ஏன் முக்கியம்? ஒரு ஸ்க்ரூ டிரைவர் காணாமல் போனால் முதலில் யாருடைய பையைத் திறந்து கொட்டச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த அவமானம் ஒரு தடவை நடந்தால் போதும், அந்தப் பிள்ளை மறுபடி அந்த அறைக்குள் வராது.

ஐந்தாவது, துடைப்பம். பட்டறையில் குப்பை சேரும். பெருக்குவதற்குச் சுழற்சி அட்டவணை, அதில் முதல் பெயர் பொறுப்பாசிரியருடையது. குழுவுக்குள்ளும் சுழற்சி. ஒருவர் எப்போதும் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்வது, ஒருவர் எப்போதும் சால்டரிங் பிடிப்பது, ஒருவர் எப்போதும் டீ வாங்கி வருவது என்று விட்டால், ஒரே பருவத்தில் சாதி அடுக்கு மேசைமேல் முளைத்துவிடும். நீதிபதி சந்துரு குழு 2024 அறிக்கையில் வகுப்பில் அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. அதைப் பணிமேசைக்கும் கொண்டுபோங்கள்.

ஆறாவது, கற்றுக்கொடுப்பவர். ஏற்கெனவே ஐந்து வேலை பார்க்கும் அறிவியல் ஆசிரியர் தலையில் ஆறாவதாகக் கட்டாமல், ஐ.டி.ஐ. படித்த ஒரு பயிற்றுநர் பணியிடம், இட ஒதுக்கீட்டோடு. ஊரில் இருக்கும் மோட்டார் மெக்கானிக், கொத்தனார், வெல்டர், தையல்காரரை விருந்துப் பயிற்றுநராக அழையுங்கள். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வருபவருக்கு என்ன மதிப்பூதியமோ அதேதான் இவருக்கும். நாற்காலியும் அதேதான். அந்தப் பையனின் அப்பா ஒரு நாள் அந்த அறையில் "சார்" என்று அழைக்கப்பட வேண்டும்.

கல்லூரிக்கும் இவை பொருந்தும், கூடுதலாக ஒன்று. கிளப்பில் சேர ஆங்கில இன்டர்வியூ, சொந்தக் காசில் உதிரிபாகம் வாங்கு, பிறகு பில் கொடு என்ற நடைமுறை. கல்வி உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத மாணவன் எப்படி ஒரு மோட்டாரை முன்பணம் போட்டு வாங்குவான்? உதிரிபாகங்களை இலவசமாக எடுத்துத் திருப்பித் தரும் கிடங்கு வேண்டும். இல்லாவிட்டால் "திறந்த கூடம்" என்ற பலகையைக் கழற்றிவிடலாம்.

பாதுகாப்பு என்பது பெரும்பாலும் சாதாரண விஷயம்தான்: தரைத்தளம், புகை வெளியேற மின்விசிறி, மின்கசிவில் தானாக அணையும் சுவிட்ச், மரத்தூள் வேலைக்குத் தனி மூலை, தமிழில் எச்சரிக்கை. பெண்பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வரும் கழிவறை.

*

"தொழில்நுட்பத்துக்கு ஏது சாதி? அதையும் அரசியலாக்குகிறீர்களே" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். கம்பிக்குச் சாதி இல்லைதான். சாவிக்கு இருக்கிறது. பட்டியல் போட்டவருக்கு இருக்கிறது. யார் பெருக்க வேண்டும் என்று விரல் நீட்டியவருக்கு இருக்கிறது.

இன்னொரு குரல் நம் பக்கத்திலிருந்தே வரும்: "தலைமுறையா கையால வேலை செஞ்சது போதாதா? நம்ம பிள்ளைங்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரட்டும்." அந்தக் கோபம் எனக்குப் புரியும், என் வீட்டிலும் கேட்ட குரல் அது. ஆனால் நாம் வெறுக்க வேண்டியது கைவேலையை அல்ல, அதை நம்மேல் மட்டும் சுமத்தியதை. காஞ்சா அய்லய்யா 2007-ல் குழந்தைகளுக்காக உழைப்பின் மாண்பு பற்றி ஒரு நூல் எழுதினார், தோல், மண்பாண்டம், சலவை என்று ஒவ்வொரு வேலைக்குள்ளும் இருக்கும் அறிவியலைச் சொல்லி. எல்லாப் பிள்ளைகளும் தோலைத் தைக்கட்டும், எல்லாப் பிள்ளைகளும் கோடிங் எழுதட்டும். பிறகு யார் எதை விரும்புகிறாரோ அதில் போகட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வட்டாரத்தில் எந்தெந்தப் பள்ளியில் லேப் இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி போதும்: எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது, வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, பயன்படுத்திய மாணவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் எத்தனை பேர், மாணவியர் எத்தனை பேர். பதிலை வாங்கி எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுவோம்.

திரும்பி வரும்போது அந்தப் பையன் வாசல்வரை வந்தான். அச்சு இயந்திரத்தைக் காட்டி, "அதுக்குள்ள இருக்கிறது ஸ்டெப்பர் மோட்டாராண்ணா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "ஒரு தடவை கழட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றான்.

அவன் கழற்றிப் பார்க்கும் நாள் வரைக்கும் அந்த அறைக்கு லேப் என்று பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெய்பீம்.